சிங்கப்பூர் டு நியூயார்க்: 15,349 கி.மீ. தூரம், 18 மணி நேரத்துக்கு மேல் பயணம்... கணக்கு எப்படி வருது?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். 2020 நவம்பரில் இந்த வழித்தடத்தில் சேவை தொடங்கிய நாளிலிருந்து, நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் வழக்கமான பயணிகள் விமானங்களில் உலகிலேயே நீளமானது என்ற பெயர் இதற்கு இருக்கிறது.

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. கணக்கு இடிக்குதே?

இது போதாதென்று இன்னொரு குழப்பமும் உண்டு. சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம், அதே நாள் அதிகாலையிலேயே நியூயார்க்கில் இறங்குவதாக அட்டவணை சொல்லும். திரும்பி வரும்போதோ ஒரு முழு நாளே காணாமல் போயிருக்கும்.

ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரம் மாறாது. ஆனால் பறக்கும் நேரம் காற்று, எரிபொருள், நாடுகளுக்கு இடையிலான சண்டை, டிக்கெட் விலை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஸ்கேல் வைத்து ஒரு கோட்டால் இணைத்தால், அதுதான் நேர்வழி என்று தோன்றும். அது தப்பு. அந்தக் கோட்டின்படி, திசையே மாறாமல் பறந்தால் ஏறக்குறைய 18,500 கி.மீ. போக வேண்டியிருக்கும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வரும் கோளாறு இது.

உண்மையான குறுக்குவழி தெரிய வேண்டுமானால் பிள்ளைகள் படிக்கும் பூமி உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் இன்னொரு முனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய், மறுபுறம் தெற்கே இறங்கும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று இணையத்தில் கிடைக்கும் எண் எல்லாமே இந்தப் பெருவட்டத் தூரம்தான்.

ஏன் வட துருவம்? சிங்கப்பூர் ஏறக்குறைய 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க் 74 டிகிரி மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178. கிட்டத்தட்ட 180, அதாவது உலகின் பாதிச் சுற்று. எனவே ஒன்றின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று இருப்பது மாதிரி இரண்டு நகரங்களும் அமைந்திருக்கின்றன.

இதனால் ஒரு வசதி. இந்தத் தூரத்தைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே போட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து வட துருவத்துக்கு 88.64 டிகிரி. கென்னடி விமான நிலையம் 40.64 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. துருவத்தில் இருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சராசரியாக 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 கி.மீ. கணினி சொல்லும் 15,349-க்கும் இதற்கும் மூன்று கி.மீ.தான் வித்தியாசம்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடல் மைல்தான் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பதால் 138 டிகிரிக்கு 8,280 கடல் மைல் வந்துவிடும். சாதாரண மைல், கடல் மைல், கிலோமீட்டர் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரே வழித்தடத்துக்கு ஆளுக்கொரு தூரம் சொல்வது நடக்கிறது.

அந்தக் குறுக்குவழியில்தான் விமானம் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. அந்த நூல் போகும் வழி தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, ரஷ்யாவின் சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், கனடா என்று நீளும். தூரம் குறைவு என்பதற்காக மட்டும் விமானம் அதில் போவதில்லை. போகும்போது பொதுவாக ஜப்பான் பக்கமாக வட பசிபிக் பெருங்கடலைக் கடந்து, வட அமெரிக்காவின் மேல் நுழைந்து நியூயார்க் சேரும். பறக்கும் பாதை ஏறக்குறைய 16,700 கி.மீ. என்று 2018-இல் நியூயார்க் பகுதிக்கான இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமே அறிவித்தது. பெருவட்டத் தூரத்தைவிட 1,300 கி.மீ.க்கு மேல் அதிகம்.

தூரம் கூடினாலும் அந்த வழியில் போவதற்குக் காரணம் காற்று.

பூமியில் இருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஓடும் வேகமான காற்றோட்டம் உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் இதன் வேகம் கூடும். சில இடங்களில், சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிவிடும். விமானங்கள் பறப்பதும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான்.

ஆற்றோட்டத்தோடு படகு விடுவதற்கும் எதிர்த்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கில் இருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணம் சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பின்னால் இருந்து காற்று தள்ளியதால் தரையை ஒப்பிட்டால் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டிப் பறந்தது. விமானத்தின் எஞ்சின் அன்றைக்கு ஒன்றும் கூடுதலாக உழைக்கவில்லை. ஓடும் எஸ்கலேட்டரில் நடந்த மாதிரி, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் – நியூயார்க் வழித்தடத்தில் இதைவிட விசேஷம் ஒன்று இருக்கிறது. இரண்டு நகரங்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்து காற்றின் உதவியோடு நியூயார்க் சேரலாம். திரும்பும்போதும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறந்து சிங்கப்பூர் வரலாம். போகவும் பின்காற்று, வரவும் பின்காற்று. இப்படிப் போய்வரும் பயணி, தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார்!

எந்த வழி என்பது முன்கூட்டியே முடிவான விஷயம் இல்லை. ஒவ்வொரு நாளும் விமானம் கிளம்பும் முன் அன்றைய காற்று, வானிலை, திறந்திருக்கும் வான்வெளி எல்லாவற்றையும் வைத்துப் பாதையைப் போடுவார்கள். நேற்று போன விமானமும் இன்று போகும் விமானமும் ஒரே வழியில் பறக்க வேண்டும் என்பதில்லை.

வானத்துக்கும் வேலி உண்டு

ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கு மேலே இருக்கும் வானமும் அந்த நாட்டுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டு விமானம் அதில் நுழைய முடியாது. அனுமதி மறுக்கப்பட்டால் சுற்றித்தான் போக வேண்டும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. இதில் பெரிதாக அடிவாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சின்கியில் இருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், வட துருவம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பயண நேரம் சுமார் 13 மணி நேரமானது. ஹெல்சின்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. தூரம் அதேதான். நேரம் மட்டும் மூன்றரை மணி கூடிவிட்டது.

நம் பக்கத்திலும் இதே கதை நடந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியில் இருந்து வட அமெரிக்காவுக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானங்கள் சில, சுற்றுப்பாதையால் எரிபொருள் போதாமல் வியன்னா, கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது. அதில் ஏறிய பயணி பத்திரிகையில் வெளியுறவுச் செய்தி படிக்காதவராகவே இருந்தாலும், அந்தச் செய்தி அவருடைய கடிகாரத்தில் தெரிந்திருக்கும்.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

'கட்டிக்கொடுத்த சோறும் கற்றுக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு' என்று ஊரில் சொல்வார்கள். நெடுந்தூர விமானத்தின் பிரச்சினையே கட்டுச்சோறுதான். வழியில் கடை கிடையாது. மொத்தப் பயணத்துக்கும் வேண்டிய எரிபொருளைக் கிளம்பும்போதே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தூரம் கூடக்கூட மூட்டையும் பெரிதாகிறது. மூட்டை பெரிதானால் அதைத் தூக்கவே கூடுதல் பலம் வேண்டும். அந்தப் பலத்துக்கும் எரிபொருள்தான் வேண்டும். ஆகவே கொண்டுபோகும் எரிபொருளில் ஒரு பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். பாதி வழியில் இறங்கி நிரப்பிக்கொண்டால் இந்த வீண் சுமை குறையும். ஆனால் நேரம் போகும்.

இந்த வழித்தடத்தின் கடந்தகாலமே இதற்குச் சாட்சி. 2004 ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதன்முறையாக நியூயார்க் பகுதிக்கு, பக்கத்திலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு, நிற்காமல் பறக்கும் சேவையைத் தொடங்கியது. பயன்படுத்தியது ஏர்பஸ் ஏ340-500. நான்கு எஞ்சின்கள். எரிபொருளை நன்றாகவே குடிக்கும். முதலில் 181 இருக்கைகள் இருந்தன. கட்டுப்படியாகாததால் 2008-இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகளை மட்டும் போட்டார்கள். கச்சா எண்ணெய் பேரலுக்கு 100 டாலரைத் தாண்டிய காலம் வந்தது. 2013 நவம்பரில் சேவை நின்றது.

ஐந்து ஆண்டுகள் அந்த வழியில் நேர் விமானமே இல்லை. பூமியின் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. விமானம் பறக்கத் தெரியாமலும் போகவில்லை. லாபம் இல்லை, அவ்வளவே.

2018 அக்டோபரில் சேவை மறுபடி தொடங்கியதற்குக் காரணம், ஏ350-900 யூஎல்ஆர் என்ற புது விமானம். யூஎல்ஆர் என்றால் மிக நெடுந்தூரம் பறப்பதற்கென்றே மாற்றியமைத்த வகை. எஞ்சின் இரண்டுதான். உடலில் பெரும்பகுதி எடை குறைந்த கார்பன் இழைப் பொருளால் ஆனது. சாதாரண ஏ350-900 விமானத்தைவிட 24,000 லிட்டர் கூடுதலாக, மொத்தம் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும்.

இந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். விமான எரிபொருள் லிட்டருக்குச் சுமார் 800 கிராம் எடை. ஆகவே டேங்க் நிறைந்தால் சுமார் 132 டன். கிளம்பும்போது இந்த விமானம் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். அதாவது, கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான்! விமானத்தில் உள்ள இருக்கைகள் 161. ஆளுக்குப் பெட்டியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்தாலும் பயணிகள் எல்லோருமாகச் சேர்ந்து 16 டன்தான் வருவார்கள். ஒரு கிலோ பயணிக்கு எட்டு கிலோ எரிபொருள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ் கிளாஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்வளவுதான். இதே நிறுவனம் மற்ற நெடுந்தூர வழிகளில் ஓட்டும் ஏ350-900 விமானத்தில் 253 இருக்கைகள் உண்டு. இத்தனை ஆட்களை ஏற்றினால் எரிபொருளுக்கு இடம் கொடுக்க முடியாது. எனவே ஆட்களைக் குறைத்து, ஒவ்வொருவரிடமும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள். 'அந்த நேர் விமானம் மட்டும் ஏன் இவ்வளவு விலை?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த எடைக் கணக்கில்தான் இருக்கிறது.

டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த நேரம்?

டிக்கெட்டில் இருக்கும் பயண நேரம், விமானம் காற்றில் இருக்கும் நேரம் அல்ல. சக்கரம் நகர ஆரம்பிப்பதில் இருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் வந்து நிற்கும் வரை உள்ள மொத்த நேரம். இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் வாசல் காலியாகக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். நியூயார்க் மாதிரி நெரிசலான விமான நிலையத்தில் இதற்கே அரை மணி, முக்கால் மணி போய்விடுவது சகஜம்.

அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கைக்காவலாகவும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் குறித்த நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'சரியான நேரத்தில் வந்தது' என்று கணக்கில் எழுதுவார்கள். ஆகவே 18 மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் 18.40 என்று போட்டுவைப்பது நிறுவனத்துக்கும் பாதுகாப்பு. 'அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்' என்று பயணிகள் மகிழ்வதன் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கைக்காவல்தான்.

நள்ளிரவில் கிளம்பி அதிகாலையில் இறங்குவது எப்படி?

விமான டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம். சிங்கப்பூர்தான் முன்னால். ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு விமானம் கிளம்புகிறது, 18 மணி 40 நிமிடம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேரும்போது சிங்கப்பூரில் செவ்வாய் இரவு 7.10 ஆகியிருக்கும். அதில் 13 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் காலை 6.10. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் அமெரிக்கா போன மாதிரி இருக்கும்.

திரும்பும்போது இந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டும். நியூயார்க்கில் செவ்வாய் இரவு 10.30-க்குக் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பறந்தால், இறங்கும்போது நியூயார்க்கில் புதன் மாலை 5.20. அதோடு 13-ஐக் கூட்டினால் சிங்கப்பூரில் வியாழன் காலை 6.20. புதன்கிழமை எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+2' என்று போட்டிருப்பது இதற்காகவே. அதைக் கவனிக்காமல் புதன்கிழமைக்கு ஓட்டல் ரூமையும் வண்டியையும் புக் செய்துவிட்டுப் பணத்தை விடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழையபடி பின்னால் வைப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே கோடையில் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். கைக்கடிகாரத்தில் முள்ளைத் திருப்பவே வேண்டாம். பகல் இரவாகும், அவ்வளவுதான்.

நான்-ஸ்டாப் வேறு, டைரக்ட் வேறு

இரண்டும் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது. ஆனால் வழியில் இறங்கி ஏறலாம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸே நியூயார்க்குக்கு ஃபிராங்ஃபர்ட் வழியாக இன்னொரு விமானமும் விடுகிறது. சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ. ஃபிராங்ஃபர்ட் – நியூயார்க் சுமார் 6,200 கி.மீ. இரண்டும் சேர்ந்து 16,500 கி.மீ. நான்-ஸ்டாப் விமானம் பசிபிக் வழியாகப் பறக்கும் 16,700 கி.மீ.யோடு ஒப்பிட்டால் தூரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறிப் போவதால் மொத்தம் 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எகானமி வகுப்பு கிடைக்கும். நான்-ஸ்டாப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

சென்னைக்காரர்களுக்கு இந்த வழி லாபமா?

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரும் சாங்கி விமான நிலையத்தை அறிந்தவர்கள். அறிவிப்புப் பலகையில் தமிழ் இருப்பதே அவர்களுக்குப் பெரிய தைரியம். ஆனால் தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சுற்றுவழி.

சென்னையில் இருந்து நியூயார்க்குக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 13,500 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930-ம் 11,020-ம் சேர்ந்து சுமார் 13,950 கி.மீ. கிட்டத்தட்ட நேர்வழியிலேயே துபாய் இருக்கிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால், முதலில் அமெரிக்காவுக்கு எதிர்த்திசையில் தென்கிழக்கே சுமார் 2,900 கி.மீ. போய், அங்கிருந்து 15,349 கி.மீ. மொத்தம் 18,250 கி.மீ. அதாவது 4,300 கி.மீ. கூடுதல். பறக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்து மணி.

அதனால் சிங்கப்பூர் வழி எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மொழி, காத்திருக்கும் நேரம், கட்டணம், ஏற்கெனவே பழகிய இடம் என்று பல காரணங்கள் உண்டு. துபாய் வழியில் 10 மணி நேரம் காத்திருக்க வேண்டுமானால் மிச்சமாகும் ஐந்து மணி நேரத்துக்கு அர்த்தம் இல்லை. வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எத்தனை மணி என்று கூட்டிப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

உடம்பு என்ன சொல்லும்?

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்வோருக்கு, கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. விமானம் மட்டும் அல்ல, பஸ், கார், ரயிலுக்கும் இது பொருந்தும். அதேசமயம் பயப்படவும் தேவையில்லை. சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்து அது. அவ்வப்போது எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, தண்ணீர் குடிப்பது ஆகியவை எல்லோருக்கும் நல்லது. ஏற்கெனவே இந்தப் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு போன்றவற்றுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஊர்க் கடிகாரம் 13 மணி நேரம் நகர்ந்துவிடுவதால், 'காலையில் ஒன்று, இரவில் ஒன்று' என்ற கணக்கு குழம்பும். கடைசியாக மருந்து எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதுதான் உடம்புக்குத் தெரியும். எந்த மருந்தை எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

இதைவிட நீளமாகப் பறக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லை அருகில்தான் இருக்கிறது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே குறுக்குவழித் தூரம் 20,000 கி.மீ.யைத் தாண்ட முடியாது. சிங்கப்பூர் – நியூயார்க் ஏற்கெனவே அதில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது.

அடுத்தது சிட்னி – லண்டன். சுமார் 17,000 கி.மீ. 2019 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம், குறைந்த ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு லண்டனில் இருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரு விமானத்தைப் பறக்கவிட்டது. 19 மணி 19 நிமிடம் ஆனது. இதையே வழக்கமான சேவையாக நடத்த, கூடுதலாக 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்க் பொருத்திய ஏ350-1000 விமானங்களை அந்த நிறுவனம் ஆர்டர் செய்திருக்கிறது. 22 மணி நேரம் வரை பறக்கக்கூடியவை என்கிறார்கள். பெரிய விமானமாக இருந்தும் அதில் 238 இருக்கைகள்தான். அங்கேயும் அதே கட்டுச்சோற்றுக் கணக்கு.

டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* தூரத்தை விட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்த மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.
* இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' அல்லது '+2' இருக்கிறதா என்று கவனியுங்கள். ஓட்டல், வண்டி, அடுத்த விமானம் எல்லாம் அந்தத் தேதிக்குத்தான்.
* 'டைரக்ட்' என்று போட்டிருந்தால், வழியில் இறங்குமா என்று கேளுங்கள்.
* மாறி ஏற வேண்டியிருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துக்கு வரும்.
* போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிசம்பரில் ஆகும் நேரமும் ஜூனில் ஆகும் நேரமும்கூட ஒன்றல்ல.
* போர், வான்வெளி மூடல் போன்ற செய்திகள் வந்தால், கிளம்புவதற்கு முந்தைய நாள் பயண நேரத்தை மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.